பனிக்குள் மறைந்த புகை

விடியற்காலையில் கந்தப்பளையிலிருந்து ராகலைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் காட்சி தெரியும். பாதைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களின் தகரக் கூரைகள்மீது வெள்ளையாக ஒன்று படிந்து கிடக்கும். நுவரெலியா பார்க்க வருகிறவர்கள் அதைப் பனிமூட்டம் என்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதில் பாதிதான் பனி. மீதி, காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுடவும் தேத்தண்ணி வைக்கவும் மூட்டிய அடுப்புகளின் புகை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துகளில் கசிந்து வெளியே வரும் புகை, குளிர்க்காற்று அமுக்குவதால் மேலே ஏறமாட்டாமல் கூரையிலேயே படுத்துக்கொள்கிறது. வெளியே கசிந்ததே இவ்வளவு என்றால், உள்ளே நின்றது எவ்வளவு?

இந்த மலைக்காற்றை மருந்தாக எழுதிக் கொடுத்த காலம் உண்டு. 1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ், நோயுற்ற பிரித்தானியப் படையினரும் அதிகாரிகளும் உடல் தேறுவதற்கான இடமாக நுவரெலியாவை அமைத்தார். அவர் கட்டிய மாளிகைதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆனது. 1840களில் காட்டுக் காய்ச்சலில் விழுந்த சாமுவேல் பேக்கர் இங்கே வந்து எழுந்து நடமாடினார். அந்த நன்றியிலேயே இங்கு குடியேறினார். அன்றிலிருந்து இன்றுவரை "நல்ல காத்து" என்ற பெயர் நுவரெலியாவை விட்டுப் போகவில்லை. அதே மலையில், அதே உயரத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் நாற்பது வயது தாண்டுமுன் ஏற்றத்தில் நின்று நின்று மூச்சு வாங்குகிறார்கள். மலையின் காற்றில் குறையில்லை. அந்தக் காற்று லயத்துக் காம்பராவுக்குள் நுழைவதில்லை என்பதே குறை.

என் அம்மா முப்பத்தாறு வருஷம் கொழுந்தெடுத்தவர். மூச்சிளைப்பு முற்றி, முதல் முறையாக ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அழைத்துப்போனபோது அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி: "புகைப்பீர்களா?" இல்லை. வீட்டில் யாரும் புகைப்பார்களா? அப்பா எப்போதோ விட்டுவிட்டார். கிளினிக் கொப்பியில் "புகைப்பவர் அல்லர்" என்று எழுதப்பட்டது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அடுப்புப் புகையை ஒரு நோய்க் காரணமாக அவர் நினைத்ததே கிடையாது. அது சமையலோடு சேர்ந்த ஒன்று. கண் எரிவது, இருமுவது எல்லாம் பொம்பளைப் பிழைப்பின் பகுதி. எட்டு வயதில் ஊதுகுழலைக் கையில் வாங்கியவர் அவர். நாளுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஐம்பது வருஷத்தில் 54,000 மணி நேரத்துக்கு மேல் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சிகரட்டைத் தொடாத ஒருவருக்குச் சிகரட் பிடித்தவரின் நுரையீரல் எப்படி வந்தது என்பதற்கு விடை அந்தக் கணக்கில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மூச்சு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் இழுப்பு, வீசிங், சளி என்ற மூன்று பெயர்கள்தான். ஆனால் இதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் எதற்கோ கோபித்துக்கொண்டு சுருங்குகின்றன. மருந்து கொடுத்தால், அல்லது அந்தக் காரணம் விலகினால், மீண்டும் விரிகின்றன. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கும். தும்மல், மூக்கடைப்பு, பீனிசம், தோல் அரிப்பு என்று ஒவ்வாமைகள் கூடவே வரும். இன்னொன்று நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். பல்லாண்டுப் புகையில் குழாய்கள் தடித்து, காற்றுப் பைகள் கிழிந்து போகும். அந்தச் சேதம் முழுமையாகத் திரும்பாது. வருகிற வேகத்தைக் குறைக்கலாம், மூச்சை இலேசாக்கலாம், திடீர்த் தாக்குதல்களைத் தடுக்கலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு குழாயில் மூச்சை இழுத்து, பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். அவ்வளவுதான் ஸ்பைரோமெட்ரி. ஊதிய காற்று முழுவதிலும் முதல் ஒரு நொடியில் வெளிவரும் பங்கு, குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் 70 சதவீதத்தை எட்டவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல், சீனி பார்ப்பதுபோல் இதையும் பார்க்கலாம். ஆனால் தோட்டத்தில் சீனி வருத்தம் இருப்பதை அறியாதவர்கள் குறைந்து வருகிறார்கள். நுரையீரல் பாதி போய்விட்டதை அறியாதவர்கள்தான் மலையேறிக் கொழுந்து பறிக்கிறார்கள்.

உலக அளவிலும் இது சிறிய விஷயமில்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணிக்கிறது. புகையில் கண்ணுக்குத் தெரிவது கரி. கொல்வது தெரியாத துகள். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கே உள்ள அந்த நுண்துகள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு கன மீற்றர் காற்றில் அது சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு வரையறை. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் அறையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்பது பல நாடுகளில் அளந்து கண்ட உண்மை.

இப்போது லயத்துக்குள் வாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முன்னால் இஸ்தோப்பு; பல வீடுகளில் அதையும் மறித்துத்தான் குசினி. ஜன்னல் இருந்தாலும் குளிருக்குப் பயந்து அடைத்திருக்கும். எரிப்பது பெரும்பாலும் கவ்வாத்து மலையிலிருந்து கட்டித் தூக்கி வந்த தேயிலை மிலாறும் சவுக்குக் கிளைகளும். மழைக்காலத்தில் அவை காய்வதே இல்லை. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் நனைந்த கம்பளியும் படங்கும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையும் தொங்கும். அடுப்பை அணைத்துவிடு என்று சொல்வது எளிது. ராகலையில் தைமாதக் குளிரில் அந்த அடுப்புத்தான் குளிர்காய்கிற இடம், துணி காய்கிற இடம், பிள்ளை பாடம் படிக்கிற இடம். புகையை வெளியேற்றும்போது சூட்டையும் சேர்த்து வெளியேற்றிவிடாத வழி வேண்டும். இதை யோசிக்காமல் வெளியிலிருந்து வந்து தருகிற அறிவுரை எதுவும் லயத்தில் ஒரு வாரம்கூட நிற்காது.

ஒவ்வாமையின் கதையும் இந்த ஈரத்தில்தான் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற மலையூர்களுக்கு ஆஸ்துமா நோயாளிகளை அனுப்பும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. அங்கே காற்று உயரமானது மட்டுமில்லை, வறண்டதும்கூட. மெத்தையிலும் போர்வையிலும் வாழ்ந்து ஒவ்வாமையைக் கிளப்பும் தூசிப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. வறண்ட மலையில் அது பெருகாது. நமது மலை ஈர மலை. கம்பளியும் பஞ்சு மெத்தையும் மாதக்கணக்கில் வெயில் காணாத வீட்டில் பூச்சிக்கு என்ன குறை? சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சணமும் அதோடு சேர்ந்துகொள்ளும். காலைக் குளிர்க்காற்று, அடுப்புப் புகை, தோட்டங்களுக்கிடையே மரக்கறிப் பாத்திகளில் அடிக்கும் மருந்து என்று ஒவ்வொன்றும் ஏற்கனவே வீங்கியிருக்கும் குழாயைச் சீண்டுகிறது. "பனி ஒத்துக்காது" என்று வீட்டில் சொல்வார்கள். பனிமேல் பழியைப் போட்டுவிட்டால் கம்பளியையும் சுவரையும் அடுப்பையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு தூசி. வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்திய தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் ஒரு மென்பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். தளிரின் அடியிலிருந்த நுண்மயிர்களும் இலைத்துகளும் கலந்த பஞ்சு அது. ஜன்னல் சட்டத்திலும் விளக்கிலும் வேலை செய்கிறவரின் புருவத்திலும் பழுப்பாகப் படிந்திருக்கும். அது நுரையீரலுக்கு ஆகாது என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமில்லை. கொழும்பில் பணியாற்றிய அல்டோ காஸ்டெல்லானியும் அல்பர்ட் சால்மர்ஸும் எழுதிய வெப்பமண்டல மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தேயிலைச் சுவை பார்ப்போரின் இருமல் பேசப்படுகிறது. நமது நாட்டின் மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊராகொட, தேயிலைத் தயாரிப்பை மேற்பார்வையிடும் டீமேக்கருக்கு வரும் ஆஸ்துமா பற்றி 1970இல் பிரித்தானியத் தொழில் மருத்துவ ஏடொன்றில் எழுதினார். தேயிலை கலக்கும் தொழிலாளரிடையே காணப்படும் நாட்பட்ட மார்புச்சளியையும் ஆஸ்துமாவையும் 1980இல் ஆய்வாக வெளியிட்டார். கறுவா, மிளகாய் அரைக்கும் தொழில்களிலுள்ளோரின் மூச்சையும் அவர் ஆராய்ந்தார். உலகம் படித்த அந்த ஆய்வுகள் பிறந்தது இந்தத் தீவில். ஆனால் சலிப்பறையில் நிற்கும் எத்தனை பேருக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊதிப் பார்க்கும் சோதனை நடக்கிறது? தூசியை அகற்றுவது தொழிற்சாலை நடத்துகிறவரின் பொறுப்பு என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்வதோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

இனி நோயோடு வாழ்வதற்கு வருவோம். மூச்சு முட்டினால் தோட்டத்து மருந்துவீடு. அங்கே ஒரு மாத்திரை, இல்லாவிட்டால் ஊசி. இரவில் முட்டினால் ஆட்டோ பிடித்து வைத்தியசாலை. நெபுலைசர் வைத்து, விடிந்ததும் வீடு. அடுத்த பனிக்கு மீண்டும் அதே ஓட்டம். எங்கள் ஆட்கள் இதைத்தான் வைத்தியம் என்று பழகியிருக்கிறார்கள். இது நெருப்பு பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றும் வேலை. நெருப்பே வராமல் காக்கும் மருந்து தினமும் எடுக்க வேண்டிய பம்பு, அதாவது இன்ஹேலர். அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "பம்பு அடிச்சா பழகிப்போயிரும்", "நெஞ்சு வெந்துபோகும்", "பொம்பளப் புள்ளைக்குப் பம்பு இருக்கிறது தெரிஞ்சா யார் கட்டுவா?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்து பள்ளிப் பையில் பம்பை ஒளித்து வைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. நேராகக் குழாய்க்குள் போகும் பம்பு மருந்து, வயிற்றுக்கும் இரத்தத்துக்கும் போகும் மாத்திரையைவிட மிகச் சிறிய அளவிலானது. ஆஸ்துமாவுக்கு, குழாயை விரிக்கும் நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் கூடவே வேண்டும் என்று உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜீனா 2019இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நீலம் அடித்தவுடன் சுகம் தெரியும். மற்றது அமைதியாக வேலை செய்யும். சுகம் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள்தான் நடு இரவில் ஆட்டோ தேடுகிறார்கள்.

பம்பைச் சரியாக அடிக்கத் தெரியாததும் பாதிக் காரணம். அழுத்தும் கணமும் இழுக்கும் கணமும் பொருந்தாவிட்டால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஒரு குடுவை (ஸ்பேசர்) வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அந்தக் குடுவை கிடைக்காதவர்களுக்காகத் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை வைத்தியர்கள் ஒரு வழி கண்டார்கள். 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, போத்தல் வாயில் மூச்சிழுக்கச் செய்தார்கள். கடையில் விற்கும் குடுவைக்கு ஈடாக அது வேலை செய்வதாக 1999இல் லான்செட் ஏட்டில் வெளியிட்டார்கள். ராகலைக் கடைத்தெருவில் கிடைக்காத பொருள் அதில் என்ன இருக்கிறது? அடித்த பிறகு பத்து நொடி மூச்சைப் பிடித்து, பின்பு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று தமிழில், பொறுமையாக, ஒருவர் செய்து காட்டினால் போதும்.

தமிழில் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிளினிக்கில் பல சமயம் நமது ஆட்களுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் "ஹதிய", அதாவது இளைப்பு. இருமல் முதலில் வந்ததா, இளைப்பு முதலில் வந்ததா, இரவில் கூடுகிறதா, ஸ்டோரில் கூடுகிறதா, லீவு நாளில் குறைகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப் போகிறது. லீவு நாளில் குறைகிறது என்ற ஒரே வாக்கியம் போதும், நோய் வேலையிலிருந்து வருகிறதா என்று வைத்தியர் சந்தேகிக்க. அந்த வாக்கியம் அவர் காதுக்குப் போவதே இல்லை.

இன்னொரு தடை, பேர்: அன்றைய வேலைக்கான பதிவு. கிளினிக் நாளில் மலைக்குப் போக முடியாது, பேர் விழாது. 2024இல் நாளாந்தச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது என்றால், மாதம் ஒரு கிளினிக்குக்கு ஒரு நோயாளி கொடுக்கும் விலையும் 1,350 ரூபாவாக உயர்ந்தது என்றுதான் பொருள். பஸ் காசு தனி. வைத்தியம் இலவசமான நாட்டில் வைத்தியசாலைக்குப் போவது இலவசமில்லை. ஆகவே நோயாளி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறார். பிறகு முட்டினால் மட்டும் போகிறார். காசநோயோ என்ற பயமும் சிலரைத் தடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கத்தான் வேண்டும். நுவரெலியாவிலுள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் காசநோய்க்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். அதை நடத்தும் தேசிய வேலைத்திட்டத்தின் பெயரிலேயே மற்ற மார்பு நோய்களும் இருக்கின்றன.

2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டோம். ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று 4,860 ரூபா. அன்றைய சம்பளத்தில் ஐந்து நாள் பேர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. கஷ்டப்பட்டு காஸுக்கு மாறியிருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. நுரையீரல் அந்தச் செலவை உடனே காட்டாது; பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் காட்டும்.

அதேபோல நன்மையும் தாமதமாகத்தான் வரும். சீனாவின் சுவான்வெய் மாவட்டத்தில் புகைபோக்கி இல்லாத நிலக்கரி அடுப்புகளைப் புகைபோக்கி உள்ளவையாக மாற்றிய குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் குறைந்தது. அந்தக் குறைவு சந்தேகமற்றுத் தெரியச் சுமார் பத்து வருஷம் எடுத்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வு எங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: ஒரு சாதாரணக் குழாய், கூரைக்கு மேல் நீட்டப்பட்டால், நுரையீரலைக் காக்கும். ஆனால் இன்றே நீட்ட வேண்டும்.

எனவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. இந்திய உதவியோடு 550 சதுர அடி வீடுகள் கட்டப்படுகின்றன, நல்ல செய்தி. சாவியைக் கொடுக்குமுன் குசினியில் விறகு மூட்டிப் பாருங்கள். புகை உள்ளே நின்றால் அந்த வீடு இன்னும் முடியவில்லை. புதிய வீடு எப்போது வரும் என்று தெரியாத லயன்களில் ஒவ்வொரு அடுப்புக்கும் புகைபோக்கி வைப்பதையும், லயன் வரிசைக்கு ஒன்றாக மழை படாத விறகுக் கொட்டில் கட்டுவதையும் பெருந்தோட்டக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் இந்த வருஷமே தொடங்கலாம். காய்ந்த விறகும் அனகி போன்ற களிமண் அடுப்பும் சேர்ந்தால் புகை குறையும். புகைபோக்கியும் சேர்ந்தால் வெளியேறும். சூடு ஓரளவு உள்ளேயே இருக்கும். ஸ்டோரில் தூசியை உறிஞ்சும் ஏற்பாடும், வருஷந்தோறும் ஊதல் சோதனையும், பஞ்சு ஒத்துக்கொள்ளாதவருக்குச் சம்பளம் குறையாமல் வேறு வேலையும் வேண்டும். நாட்பட்ட நோயாளிக்குக் கிளினிக் நாளில் பேர் போட வேண்டும். இதைச் சம்பளப் பேச்சில் ஒரு வரியாகச் சேர்க்கத் தொழிற்சங்கங்களுக்கு என்ன தடை?

நம் கையில் இருப்பதையும் செய்வோம். அடுப்படியில் கைக்குழந்தையை வைத்திருக்க வேண்டாம். வெயில் வந்த நாளில் முதலில் கம்பளியையும் மெத்தையையும் வெளியே போடுவோம். விடியற்காலையில் மூக்கையும் வாயையும் ஒரு துணியால் மூடிக்கொண்டு போனால், குளிர்க்காற்று சூடாகித்தான் உள்ளே போகும். ஏற்றத்தில் இளைத்தால் நின்று, உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு மெதுவாக ஊதி மூச்சை விடுவோம். அடைபட்ட காற்று வெளியேறும். பம்பை ஒளிக்க வேண்டாம்.

அம்மா இப்போது காலையிலும் மாலையிலும் போத்தல் வைத்துப் பம்பு அடிக்கிறார். லயத்திலிருந்து பஸ் ஹோல்டுக்கு ஏறும் படிகளில் முன்பு ஆறு இடத்தில் நின்றவர் இப்போது மூன்று இடத்தில் நிற்கிறார். போன பாகம் திரும்பி வராது. அது அவருக்குத் தெரியும். அடுத்த கிளினிக் நாளில் அவரோடு நானும் போகிறேன். "புகைப்பவர் அல்லர்" என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதும்படி வைத்தியரிடம் கேட்கப்போகிறேன்: "விறகடுப்பு, 50 வருஷம்." மலையகத்தின் ஒவ்வொரு கிளினிக் கொப்பியிலும் அந்த வரிக்கு ஓர் இடம் வேண்டும்.